ஒட்டினால் போதாது

என் அண்ணிக்கு அவள் வேலை செய்கிற ஆய்வுக்கூடத்தில் ‘ஐஸ்’ என்று பெயர். குளிர்ந்த சுபாவம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். நாள் முழுக்க ஐஸ் வாளியில் கையை விட்டுக்கொண்டிருப்பதால் வந்த பெயர் அது. காலையில் போனதும் இயந்திரத்திலிருந்து தூள் ஐஸை வாளியில் அள்ளிக்கொண்டு வந்து மேசைமேல் வைப்பாள். அதில் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகச் செருகுவாள். குழாய்களுக்குள் இருப்பது புற்றுநோய் செல்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் கழுத்தில் கையை வைத்தால் எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

“பொணம் தொட்ட மாதிரி இருக்கு, தள்ளுங்க அண்ணி” என்பேன்.

“உனக்கு வாய் மட்டும்தான்டி சூடு” என்பாள். என்னை ‘வாயாடி’ என்றுதான் கூப்பிடுவாள். என் சொந்தப் பெயர் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

அவளைப் பற்றி என்னால் கோபப்படாமல் பேச முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதானமாக, நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்றால் என் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஆய்வுக்கூடத்து லிஃப்ட் ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. உள்ளே மாட்டிக்கொண்டவள் அண்ணி. கதவை நெம்பித் திறந்து இவன் கை நீட்டினால், அந்த அம்மாள் நன்றி சொல்லவில்லை, அழவில்லை. “மணி என்ன? என் செல்லுங்க இவ்வளவு நேரம் சூட்டுல இருக்கக்கூடாதே!” என்று கத்திக்கொண்டு மாடிப்படியில் ஓடியிருக்கிறாள். என் அண்ணன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான். இவனுக்கெல்லாம் எதில் விழுவது என்று ஒரு வரைமுறையே கிடையாது.

கல்யாணம் ஆகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் ரகளை. காலையில் எல்லோரும் எழுந்திருப்பதற்குள் அண்ணி செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட?” என்றாள் அம்மா.

“சாப்பாடு போட்டுட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன் அத்தை.”

“யாருக்கு?”

“செல்லுங்களுக்கு.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “இங்க ஒருத்தன் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்கான், இவ எந்தக் கருமத்துக்கோ சாப்பாடு போடப் போறாளாம்!”

சாப்பாடு என்றால் ஒரு இளஞ்சிவப்புத் திரவம். செல்கள் கிடக்கிற தட்டில் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் செத்துப்போகும். “சாகட்டுமே, புற்றுநோய்தானே?” என்று அம்மா கேட்டதற்கு அண்ணி நிஜமாகவே முகம் வாடிப்போனாள். “அப்படிச் சொல்லாதீங்க அத்தை. அதுங்க இல்லாம மருந்தை எதுல பார்க்கிறது?” என்றாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. சாப்பிடும்போது ‘நேத்து ரொம்பச் சோர்ந்து கிடந்துச்சுங்க’, ‘இன்னைக்குக் கொஞ்சம் தேறியிருக்குங்க’ என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். இவளுக்குப் பாவம் பார்ப்பதற்கு உலகத்தில் வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று எனக்கு அப்போதே எரிச்சலாக வரும்.

நான் ஒரு சலவைக் கடையில் கறைப் பிரிவில் இருக்கிறேன். கறை எடுத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுப்பது என் வேலை. அண்ணி வேலை எனக்குப் புரிந்ததே அந்தக் கடையில் வைத்துத்தான். ஒருநாள் என்னைப் பார்க்க வந்தவள், நான் ஒரு மேசைவிரிப்பில் கறையை அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் குதூகலமாகிவிட்டாள்.

“நீ எதுக்கு முதல்ல அலசிப் பார்க்கிற?”

“கறை மேலோட ஒட்டியிருக்கா, நூலுக்குள்ள ஊறிடுச்சான்னு தெரிய வேண்டாமா? மேலோட இருந்தா அலசினாலே போயிடும்.”

“இதேதான்டி நானும் பண்றேன்!” என்று கடை அதிரக் கத்தினாள். முதலாளி திரும்பிப் பார்த்தார்.

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். புற்றுநோய் செல்லின் மேல்தோலில் சில புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் போய்ச் சரியாக ஒட்டிக்கொள்கிற மாதிரி ஆன்டிபாடி என்று ஒன்றைத் தயார் செய்கிறார்கள். அந்த ஆன்டிபாடியின் முதுகில் விஷத்தைக் கட்டி அனுப்புவார்கள். ஆனால் போய் ஒட்டிக்கொண்டால் மட்டும் போதாது. ஒட்டியதை அந்த செல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனால்தான் விஷம் கழன்று வேலை செய்யும். சில செல்கள் இழுத்துக்கொள்ளும், சில செல்கள் ஒட்டினதை ஒட்டினபடியே வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். எது எந்த ஜாதி என்று பார்ப்பதுதான் அண்ணியின் வேலை. ஆன்டிபாடியில் பச்சையாக மின்னுகிற சாயம் ஏற்றி, செல்களோடு ஐஸில் வைப்பாள். குளிரில் செல் எதையும் உள்ளே இழுக்காது, வெறுமனே ஒட்டும். பிறகு உடம்புச் சூட்டில் வைப்பாள். இழுக்கிற செல்லாக இருந்தால் அப்போது இழுத்துக்கொள்ளும். கடைசியில் அமிலம் கலந்த தண்ணீரில் நன்றாக அலசிவிடுவாள். வெளியே ஒட்டியதெல்லாம் போய்விடும். அதற்குப் பிறகும் பச்சை மின்னினால் அது உள்ளே போனது. ஒரு பங்கு செல்களைச் சூடே காட்டாமல் ஐஸிலேயே விட்டு, அதையும் அதே மாதிரி அலசிப் பார்ப்பாள். அது இருட்டாக இருந்தால்தான் அலசல் சரி என்று அர்த்தம்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்றுதான் அன்று நினைத்தேன்.

பிறகு எனக்குச் சினைப்பையில் புற்றுநோய் வந்தது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு, பாவாடை நாடாவைத் தளர்த்தித் தளர்த்திக் கட்டிக்கொண்டிருந்தவளை அண்ணிதான் இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டினாள். முடிவு தெரிந்த அன்று நான் அழவில்லை, அவளைத்தான் பிடித்துக் கத்தினேன். “நீங்க ஞாயித்துக்கிழமைகூட விடாம சோறு போட்டு வளர்க்கிற சனியன்தான் என் வயித்துலயும் உக்காந்திருக்கு! போதுமா?” அண்ணன் என்னைப் பார்த்து முறைத்தான். நான் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்.

அறுவைச் சிகிச்சை, அப்புறம் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற கீமோ மருந்து. முடி போனது, வாய் புண்ணானது, தேநீர்கூடத் தகரம் மாதிரி இருந்தது. வலது தோளுக்குக் கீழே ஊசி குத்துவதற்கென்றே தோலுக்குள் ஒரு குமிழும் குழாயும் வைத்துத் தைத்தார்கள். இவ்வளவும் பட்டு, வயிற்றில் மறுபடி நீர் கோத்துக்கொண்டது. வேறு கீமோ மருந்துக்கு மாற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் ஒவ்வொரு தடவையும் “பார்க்கலாம்” என்பார். என்னத்தைப் பார்ப்பது? எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். ஆன்டிபாடி முதுகில் விஷம் ஏற்றிய அந்த ஜாதி மருந்து. ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் பேருக்கு மட்டும் கொடுக்கிறார்கள். வயிற்று நீரில் இருக்கிற செல்கள் ஆன்டிபாடியை உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்று நிரூபணம் ஆனால்தான் சேர்த்துக்கொள்வார்கள். என் வயிற்றிலிருந்து ஊசி போட்டு நீரை எடுத்து, பாட்டிலில் பெயருக்குப் பதில் ஒரு எண்ணை ஒட்டி அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்த இடம் அண்ணியின் மேசை. என் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த அதே எண் என்று பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சொந்தக்காரர்களுடையதைச் சொந்தக்காரர்கள் தொடக்கூடாது என்று அங்கே விதி உண்டு. இது நாத்தனாருடையது என்று அண்ணி அங்கே யாரிடமும் சொல்லவில்லை. “உன்னுதை வேற யாரும் தொடக்கூடாதுடி. நான்தான் பண்ணுவேன்” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்கும் அது தெம்பாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாதவன் கையில் போவதைவிட நம்மவள் கையில் போகட்டுமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கடையில் ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது.

“வாயாடி! உள்ள போயிடுச்சுடி! பச்சைப் பசேல்னு மின்னுது! உன் செல்லுங்க இழுத்துக்குதுங்க!”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “நிஜமாவா? நிஜமாவா அண்ணி?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து புகை வந்தது. இஸ்திரிப் பெட்டி சட்டையின் முதுகைப் பொசுக்கிவிட்டது. முதலாளி கத்தினார். நான் பொசுங்கிய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தேன். இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவர் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அம்மா அண்ணியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அந்த வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அண்ணன் மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நின்றுவிட்டு, கண் சிவந்து இறங்கி வந்தான். நான் தலைக்குத் துணி கட்டாமல் கண்ணாடி முன்னால் நின்று, முடி முளைத்தால் எப்படி வெட்டிக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டரும் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். உறுதி செய்வதற்கு இன்னொருமுறை நீர் எடுத்துப் பார்ப்பார்கள், அது வெறும் சம்பிரதாயம் என்றார்கள்.

ஒருநாள் மத்தியானம் அண்ணி வீட்டுக்கு வந்தாள். மத்தியானத்தில் அவள் வந்ததே கிடையாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் படுக்கையிலிருந்து எழுந்து வந்தேன்.

“என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?”

“தப்பு பண்ணிட்டேன்டி.”

“என்ன தப்பு?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதல் தடவை என் நீரில் உயிரோடு இருந்த செல்கள் ரொம்பக் கொஞ்சமாம். வழியிலேயே பாதி செத்துப்போய், மிச்சமிருந்ததும் நைந்துபோய்க் கிடந்ததாம். வழக்கமான அமிலத் தண்ணீரில் வழக்கமான அழுத்தத்தில் அலசினால் இதுவும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். “உன்னுதாச்சேன்னு… பாவமா இருந்துச்சு. லேசா அலசிட்டேன்.” ஐஸிலேயே விட்டுவைக்க வேண்டிய பங்கையும் விடவில்லை. எல்லாவற்றையும் சூட்டில் வைத்துவிட்டாள். பச்சை தெரிந்ததும் சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை நீர் தாராளமாக இருந்தது. ஐஸ் பங்கையும் வைத்து, அதே மாதிரி லேசாக அலசிப் பார்த்திருக்கிறாள். சூட்டில் இருந்தது எவ்வளவு மின்னியதோ அவ்வளவு ஐஸில் இருந்ததும் மின்னியது. ஐஸில் இருக்கிற செல் எதையும் உள்ளே இழுக்காது. அப்படியானால் அவள் பார்த்த பச்சையெல்லாம் வெளியே ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி எடுத்து ஒழுங்காக அலசினாள். இரண்டுமே இருட்டு.

“ஒட்டுது. ரொம்ப நல்லா ஒட்டுது. உள்ள இழுக்க மாட்டேங்குது.”

“டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டுத்தான் வரேன். நீ என் நாத்தனார்ங்கறதையும் சேர்த்து.”

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “எதுக்குச் சொன்ன? உன்னை யாரு கேட்டா? சும்மா இருந்திருந்தா எனக்கு மருந்து கிடைச்சிருக்கும்ல?” வந்த நாளிலிருந்து அண்ணியை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தவள் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“கிடைச்சிருக்கும்” என்றாள் அண்ணி. “கிடைச்சு என்னடி பண்றது? உள்ள போகாது. விஷம் வெளிய சுத்தும். கண்ணைக் கெடுக்கும், நரம்பைக் கெடுக்கும், கட்டியை மட்டும் ஒண்ணும் பண்ணாது. தெரிஞ்சுகிட்டே நான் எப்படி…”

“முதல்லயே ஒழுங்கா அலசித் தொலைச்சிருக்கலாம்ல! வேற எவனாவது பண்ணியிருந்தா அன்னைக்கே இல்லைன்னு சொல்லியிருப்பான். நான் கண்ணாடி முன்னாடி நின்னுகிட்டு முடி வெட்டுறதைப் பத்தி யோசிச்சிருக்க மாட்டேன். பாவம் பார்த்தாளாம் பாவம்! என்னைப் பார்த்திருக்கணும், என்னைக் கொல்ற அதைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கா!”

அண்ணி எழுந்து அப்படியே வேலைக்குத் திரும்பிப் போனாள். விதியை மீறியதற்காக, நோயாளிகளுடையது எதையும் இனி தொடக்கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கரைசல் கலப்பது, பாட்டில் கழுவுவது என்று வேறு வேலை கொடுத்தார்கள். அண்ணன்தான் இதை என்னிடம் சொன்னான். நான் நன்றாக வேண்டும் என்றேன். சொல்லிவிட்டு அதற்கும் எனக்கே எரிச்சல் வந்தது.

கோபத்தை யார்மேல் காட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. டாக்டர் மேல் காட்டினால் ‘பார்க்கலாம்’ என்பார். அம்மா மேல் காட்டினால் அழுவாள். என் செல்கள் மேல் காட்டலாம் என்றால், அதுகள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தவனை உள்ளேயும் விடாமல் வெளியேயும் அனுப்பாமல் நிற்க வைத்திருக்கிற அழுத்தக்கார ஜென்மங்கள். கடைசியில் எல்லாம் சுற்றி அண்ணி தலையில்தான் விடிந்தது. அவள் என் துணிகளைத் துவைத்து மடித்து வைத்தால், நான் அவள் கண்முன்னாலேயே கலைத்து மறுபடி மடிப்பேன். “சரியா அலசுனீங்களா?” என்று கேட்பேன். அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சண்டைக்காவது வந்து தொலைக்கலாம்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் இன்னொன்று சொன்னார்கள். செல்லின் தோலில் வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிற இன்னொரு ஆன்டிபாடி இருக்கிறதாம். அதையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமாம். எனக்குத் தெரிந்து அவர்கள் கையில் இருந்த கடைசிச் சரக்கு அதுதான். இந்தத் தடவை வேலை ‘கறார்’ என்று பெயரெடுத்த ஒருவரிடம் போனது. அண்ணியைவிட மூத்தவர். யாரிடமும் சிரிக்க மாட்டார், யார் கேட்டாலும் முடிவை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்.

முடிவு தெரிகிற அன்று நானே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியை முறைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அண்ணி அந்த அறைக்குள் போகக்கூடாது என்பதால் தாழ்வாரத்து பெஞ்சில், கையில் ரப்பர் உறையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கண்ணாடிக் கதவு. உள்ளே இருட்டில் அவர் மைக்ரோஸ்கோப் முன்னால் குனிந்திருந்தார்.

அவர் வெளியே வந்ததும் அண்ணி எழுந்து நின்றாள். முடிவு என்ன என்று கேட்கவில்லை.

“நல்லா அலசுனீங்களா சார்?”

“நல்லா அலசினேன்மா. ரெண்டு தடவை.”

“ஐஸ்ல இருந்தது?”

“இருட்டு.”

“சூட்டுல இருந்தது?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். “அதுவும் இருட்டுதாம்மா” என்றார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. சந்தேகமில்லாமல் சொன்னது ஒருவிதத்தில் பரவாயில்லை என்றிருந்தது. அண்ணிதான் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, ரப்பர் உறை போட்ட கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். தாழ்வாரத்தில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நோயாளி அவள் என்றே நினைத்திருப்பார்கள்.

“நல்லாயிருக்கு கதை! எனக்கு வந்த வியாதிக்கு நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லணுமா?” என்றேன்.

“நான்தான்டி உனக்கு ஆசை காட்டி மோசம் பண்ணிட்டேன். மத்தவங்களாட்டம் ஒழுங்காப் பண்ணியிருக்கணும். என்னாலதான்…”

“ஆமா, உங்களாலதான். கீறினவங்க ஒழுங்காக் கீறினாங்க. ஊசி போட்டவங்க ஒழுங்காப் போட்டாங்க. இவரும் ரெண்டு தடவை ஒழுங்கா அலசியிருக்காரு. இத்தனை நாள்ல என் உடம்புல கை வெச்ச எல்லாரும் ஒழுங்காத்தான் செஞ்சாங்க அண்ணி. வலிக்குமேன்னு யோசிச்சுத் தப்புப் பண்ணினது நீங்க ஒருத்தர்தான்.”

சொல்லி முடிக்கும்போது என் குரலும் உடைந்துவிட்டது. எனக்கு இன்னும் கோபம்தான். அவள் மேல், அந்த அறை மேல், ஒட்டினதை ஒட்டினபடி வைத்துக்கொண்டிருக்கிற என் வயிற்றின் மேல். சாகப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லவும் ஆள் இல்லை, அவளைத் தவிர.

அண்ணி என் தோளில் சாய்ந்துகொண்டாள். வலது தோள். குழாய் வைத்துத் தைத்திருக்கிற பக்கம். வலித்தது. நான் நகரச் சொல்லவில்லை.